லோரி நிக்காது

தேயிலைத் தோட்டம், தானா ராத்தா
3 மார்ச் 2024

அன்புப் பேரன் மகேனுக்குப் பாட்டி நீலாவதி எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். உன் அக்காள் ரூபினிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. வெள்ளை உடுப்பில் அவள் லயத்து வீட்டு வரிசை வழியாக நடந்து வந்தால் நாய்கள்கூட எழுந்து நிற்கின்றன. சித்தப்பா மகன் தர்மேந்திரன் பூப்பண்ணையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். அவனுக்குக் கீழே பதினாறு பேர். சின்னவள் ப்ரியா மலாய்ப் பேச்சுப் போட்டியில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பெண் வாத்தியார் மகளாம், அதனால் நம் பிள்ளையை முதல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் நீதான். கோயிலில் யாராவது “மகேன் மெல்பர்ன்ல என்னா செய்றான்?” என்று கேட்டால் உன் அப்பன் சுகுமாரன் “பாட்டுப் போடுறான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். பாட்டுப் போடுவதற்கா மூன்று வருஷம் படித்தாய்? ரேடியோவைத் திருகினால் பாட்டு வருமே. விவரமாக எழுது.

எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. கைபேசியில் நீ பேசுவது காதில் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கிறது. மாதம் ஒரு கடிதம் என்ற நம் பேச்சை மறக்காதே. தமிழும் மறக்காது.

பாட்டி
நீலாவதி

—

மெல்பர்ன்
24 மார்ச் 2024

என் பாட்டிக்கு மகேனின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். பகலில் ஒரு காப்பிக் கடையில் வேலை, மற்ற நேரத்தில் பாட்டு. முழங்காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன், அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பாட்டு என்றால் என்ன என்று கேட்டீர்கள். நான் செய்வதற்கு ஹவுஸ் என்று பெயர். ஆடுவதற்கான இசை. நிற்காமல் ஒரே சீரான அடி போகும். பழைய ஒலிநாடாவிலோ இசைத்தட்டிலோ இருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டியெடுத்து அதன் மேல் திரும்பத் திரும்ப வைப்போம். அந்தத் துண்டுதான் பாட்டின் உயிர்.

போன தீபாவளிக்கு வந்தபோது பிஸ்கட் டின்னில் இருந்த கேசட்டுகளை எடுத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? அதில் ஒன்றின் மேல் ‘நீலாவதி’ என்று எழுதியிருந்தது. 1991 தைப்பூசத்துக்குத் தோட்டத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஈப்போ போன லோரி. தாத்தா பதிவு செய்தது. அதில் உங்கள் குரல், பாட்டி! “ஏறு ஏறு ஏறு! லோரி நிக்காது!” என்று கூப்பிட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தத் துண்டை வைத்துத்தான் என் முதல் தனிப்பாட்டைச் செய்தேன். பாட்டின் பெயரும் ‘லோரி நிக்காது’தான்.

பாட்டி, அது இங்கே ஆடற்பாடல் வரிசையில் இந்த வாரம் பதினேழாம் இடத்தில் இருக்கிறது. தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் “ஏறு ஏறு” என்று கத்துகிறார்கள். ‘குரல்: நீலாவதி’ என்று பெயர் போட்டிருக்கிறேன்.

ரூபினி அக்காவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் அணைப்புக்கு ஏங்கும்
மகேன்

—

தேயிலைத் தோட்டம்
21 ஏப்ரல் 2024

மகேனுக்குப் பாட்டி எழுதுவது. தைலம் வந்தது. உன் அப்பனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

ரூபினி உன் பாட்டைப் போட்டாள். கைபேசியில் அல்ல, உருண்டையாக ஒரு பெட்டி வைத்திருக்கிறாள், அதில் எனக்கு நன்றாகக் கேட்டது. டும் டும் டும் என்று ஒரே அடி. தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷின் ஞாபகம் வந்தது. அந்த மெஷினுக்கு யாரும் ஆடவில்லை, இதற்கு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் நம் வாசலில் வந்து ஆடினார்கள். பிறகு அந்தக் குரல் வந்தது. எனக்குக் கையில் இருந்த முறம் நழுவிவிட்டது.

நல்ல குரல். மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டால் இந்தப் பக்கம் கேட்கும் என்று அந்தக் காலத்திலேயே சொல்வார்கள்.

பதினேழாம் இடம் என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை. மூன்றாம் வகுப்பில் நீ பத்தொன்பதாம் இடம். கொஞ்சம் கவனமாக இருந்தால் முன்னுக்கு வரலாம்.

சேதி பரவிவிட்டது. சித்திரைத் திருவிழாவில் கோயில் தலைவர் பக்கிரிசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டார். “நம்ம தோட்டத்துக் கொரலு ஆஸ்திரேலியா வரைக்கும் கேட்டுடுச்சு லா! நீலாவதி அக்கா, எங்க இருக்கீங்க? மேல வாங்க!” என்றார். கூட்டம் தள்ளியது. போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். மஞ்சளில் பச்சைக் கரை. எல்லோரும் கை தட்டினார்கள். வேறு என்ன எழுத.

பாட்டில் போட்ட பெயரை மாற்ற முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. காப்பிக் கடையில் வேலை என்று காப்பியையே குடித்துக்கொண்டிராதே.

பாட்டி

—

மெல்பர்ன்
2 ஜூன் 2024

பாட்டிக்கு ஓடி வந்து சொல்லும் மகேன்.

நான்காம் இடம்! மூன்றாம் வகுப்பு வாத்தியாரிடம் சொல்லுங்கள்.

முக்கியமான விஷயம். ஒரு பெரிய கம்பெனி இந்தப் பாட்டை மற்ற நாடுகளிலும் வெளியிடக் கேட்கிறது. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. குரலுக்குச் சொந்தக்காரர் சம்மதம் எழுதித் தர வேண்டும். ‘இது என் குரல், இதைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு தாள். தமிழிலும் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆகஸ்டு முடிவுக்குள் வந்து சேராவிட்டால் அவர்கள் விலகிக்கொள்வார்கள். வெளிவந்த பாட்டையும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

பெயரை மாற்றவா? ஏன் பாட்டி, வெட்கமா? மாட்டவே மாட்டேன். இந்தப் பாட்டில் நான் பெருமைப்படுவதே அந்த ஒரு பெயருக்காகத்தான்.

முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிச் சட்டை உடம்பில்தான் இருக்கிறது.

மகேன்

—

மெல்பர்ன்
7 ஜூலை 2024

பாட்டி, சுகமா?

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். “தாள மாரியாத்தா படத்துக்குப் பின்னால வெச்சிருக்காங்கடா. நான் கேட்டா வெளக்கு தொடைக்கிறாங்க” என்கிறார். கையெழுத்து ஒன்றுதானே பாட்டி. பேனா இல்லையா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள்.

பாட்டு மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது.

மகேன்

—

தேயிலைத் தோட்டம், தானா ராத்தா
9 ஜூலை 2024

கியா பார்மில் இருக்கும் நாத்தனார் அங்கம்மாவுக்கு, உன் அண்ணன் தங்கராஜுவின் மனைவி நீலாவதி எழுதுவது.

நீயும் உன் மகன் காளியண்ணனும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழு மைல் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நேரில் வந்தால் என் வாய் திறக்காது. பஸ் ஸ்டேஷனில் இரண்டு தரம் எதிரெதிரே பார்த்தோம். இரண்டு தரமும் நான் கடைப் பலகையைப் படித்தேன். நீயும் படித்தாய், உனக்குப் படிக்கவே தெரியாது.

என் பேரன் மகேன் ஒரு பாட்டுச் செய்திருக்கிறான். ஊரெல்லாம் அதுதான் பேச்சு. அதில் வருவது உன் குரல். தைப்பூச லோரியின் மேல் நின்றுகொண்டு நீ கூப்பிட்டாயே, அது. உன் அண்ணன் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கேசட் லயம் முழுக்கக் கைமாறுமே, திரும்பி வர வேண்டும் என்று எவர்சில்வர் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி அதிலும் உடையவர் பெயரை எழுதுவோம். மகேன் அதைக் குரலுக்குரியவர் பெயர் என்று எண்ணிவிட்டான். பாட்டில் என் பெயரைப் போட்டுவிட்டான்.

அது அவன் செய்த தப்பு. நான் செய்ததைச் சொல்கிறேன். தெரிந்த அன்றே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். நாலு பேர் மெச்சியது இனித்தது. இப்போது ‘இது என் குரல்’ என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் வந்திருக்கிறது. மூன்று வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். போட்டால் ஒருவருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் தவிர.

இன்னொன்றும் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக இருக்கிறது. நான் கங்காணி ஆன மூன்றாம் மாதம், நிறுவையில் உன் கூடை கனமாக இருந்தது. கணக்கெழுதும் கிராணி என்னைப் பார்த்தார். நாத்தனார் என்று சலுகை காட்டுகிறாள் என்பார்களோ என்று பயந்தேன். முப்பது பேர் முன்னால் உன் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினேன். “தண்ணி தெளிச்ச எல” என்றேன். அது மழைத் தண்ணீர். எனக்குத் தெரியும். அதே மழையில்தான் நானும் நின்றேன். நீ வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போனாய்.

அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தாளுக்காகக் கேட்கவில்லை. நீ சம்மதிக்காவிட்டால் பாட்டு நின்றுபோகும், பேரன் மனம் உடைவான், அது என் பாடு. குரல் உன்னுடையது. உன் இஷ்டம். பொன்னாடையும் உனக்குரியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நீலாவதி

—

தேயிலைத் தோட்டம்
10 ஜூலை 2024

மகேனுக்கு,

உடம்பு சரியில்லையா, பேனா இல்லையா என்று நீ கேட்டதாக உன் அப்பன் சொன்னான். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.

அந்தக் குரல் என்னுடையது இல்லை, அப்பா. உன் தாத்தாவின் தங்கை அங்கம்மாவுடையது. உனக்கு அத்தைப் பாட்டி முறை. கியா பார்மில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறாள். நீ அவளைப் பார்த்ததில்லை. நீ பிறக்கும் முன்பே நாங்கள் பேச்சை விட்டோம். காரணம் நான்தான். கேசட்டில் இருந்தது கேசட்டுக்காரி பெயர்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பேரன் போட்ட பெயரைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. கையெழுத்துப் போட மாட்டேன். அவளுக்கு எழுதியிருக்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது.

உன் பாட்டுக்குக் கெடுதல் வந்தால் பாட்டியைத் திட்டு. ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

பாட்டி

—

மெல்பர்ன்
15 ஜூலை 2024

பாட்டிக்கு வணக்கம். உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுதுகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

நேற்று அந்தக் கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பாட்டுச் செய்தபோது தேவையான துண்டை மட்டும்தான் வெட்டினேன். சிரிப்புக்குப் பிறகு லோரி எஞ்சின் சத்தம். அதற்குப் பிறகு அதே குரல், “நீலா, கையக் குடு” என்கிறது.

உங்களை நீங்களே ஏன் கூப்பிட வேண்டும், பாட்டி?

அது வேறு யாருடைய குரலாவது என்றால் சொல்லிவிடுங்கள். தப்பான ஆள் கையெழுத்தோடு பாட்டு வெளியே போகக் கூடாது. எனக்குப் பாட்டு போனாலும் பரவாயில்லை. கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பது பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை.

மகேன்

—

கியா பார்ம்
20 ஜூலை 2024

நீலாவதி அத்தைக்கு, காளியண்ணன் மனைவி யுவனேஸ்வரி வணக்கம். மாமி சொல்வதை எழுதுகிறேன். ‘சொல்றத சொன்னபடியே எழுது, அழகுபடுத்தாத’ என்று உத்தரவு.

அண்ணி அவங்களுக்கு அங்கம்மா சொல்றது. இங்க எல்லாரும் சொகம். எனக்கு சக்கர வியாதி இருக்கு, அதோட சண்ட போட்டுகிட்டு நானும் இருக்கேன். உங்க லெட்டர யுவனேஸ்வரி மூணு தரம் படிச்சா. மூணாவது தரம் நான் கேக்கல, அவளாவே படிச்சா.

எலைய கொட்டுனதுக்கு மன்னிப்பு கேட்டிருக்கீங்க. எல போச்சு. எல மறுநாளே மொளைக்கும். கங்காணி வேல புதுசு, பயந்துட்டீங்க, அது அன்னைக்கே எனக்கு தெரியும். எனக்கு ஆறாதது அது இல்ல.

நாங்க தோட்டத்த விட்டு போன அன்னைக்கு, சாமான ஏத்திட்டு லோரி லயத்து முன்னால நின்னுச்சு. டிரைவர் ஆரன் அடிச்சான். அவன்கிட்ட ‘கொஞ்சம் இருப்பா’ன்னேன். லோரி நிக்காது நிக்காதுன்னு ஊரையே வெரட்டுனவ நான். அன்னைக்கு அர மணி நேரம் நிக்க வெச்சேன். நீங்க வெளிய வரல.

பொன்னாட எனக்கு எதுக்கு? கோஸ் மூட்ட மேல போத்தவா? நீங்களே வெச்சிக்குங்க.

தாள தபால்ல அனுப்பாதீங்க. எடுத்துகிட்டு நீங்களே வாங்க. வந்தா பாப்போம். கையெழுத்து போடுறேன்னு நான் சொல்லல.

அத்தை, இனி இது என் வார்த்தை, மாமி தக்காளிக்குத் தண்ணீர் விடப் போயிருக்கிறார். ஏப்ரலிலிருந்தே இங்கே ஸ்ட்ராபெரிக் கடைகளில் இந்தப் பாட்டுதான். முதல் தடவை கேட்டபோது மாமி கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டார். “யாருடி அது, என்ன மாதிரியே கத்துறவ?” என்றார். நாங்கள் சிரித்தோம். நான் கைபேசியில், வெள்ளைக்காரர்கள் அதற்கு ஆடுவதைக் காட்டினேன். “என்னாத்துக்கு இப்படி குதிக்கிறானுங்க, அட்ட கடிச்சிருச்சா?” என்றார். பாட்டுக்குக் கீழே இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன், குரல் நீலாவதி என்று. அன்றிலிருந்து தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறார். வாருங்கள் அத்தை.

யுவனேஸ்வரி

—

மெல்பர்ன்
24 ஜூலை 2024

பாட்டிக்கு மகேன். உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டும் ஆகாயத்தில் குறுக்கே போயிருக்கின்றன. நான் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அது போதும்.

சாப்பிட்டேன். திட்டவில்லை. கேசட்டில் பெயரைப் பார்த்த நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அத்தைப் பாட்டியைக் கேட்காமல் அவர் குரலை எடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் பாட்டை எடுத்துவிடுகிறேன். கெஞ்ச வேண்டாம்.

சம்மதத் தாளில் பெயரை மாற்றி மறுபடி அச்சடித்து வைத்திருக்கிறேன். அது வெறும் தாள்தான், பாட்டி. அவர் வீட்டுக்குப் போங்கள்.

மகேன்

—

தேயிலைத் தோட்டம், தானா ராத்தா
12 ஆகஸ்டு 2024

என் பேரன் மகேனுக்கு, இங்கே யாவரும் சுகம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவசரத் தபாலில் தாள் வந்து சேர்ந்திருக்கும். எப்படி வந்தது என்று கேள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை தர்மேந்திரன் காரில் கொண்டுபோய் விட்டான். பிரிஞ்சாங் தாண்டும்போது, திருப்புடா என்று இரண்டு தரம் சொன்னேன். “பாட்டி, இந்த ரோட்டுல திருப்ப எடமில்ல” என்றான். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் வரிசையாக நின்றன. அந்த நெரிசலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அங்கம்மா கொட்டகையில் கீரை கட்டிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஒரு பலகையைக் காலால் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன். நாலைந்து கட்டு முடியும் வரை சும்மா இருந்தேன். பிறகு அவளே, “கை சும்மா இருந்தா வலிக்குமா?” என்று ஒரு கத்தை வாழைநாரை என் மடியில் போட்டாள். கட்ட ஆரம்பித்தேன். நான் கட்டியதை எடுத்துப் பார்த்து, “கங்காணி வேல பாத்த கை, இப்படித்தான் இருக்கும்” என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அப்போது சொன்னேன். “அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன் அங்கம்மா. கதவுக்குப் பின்னால நின்னேன். ஆரன் அடிச்சது, நீ நிறுத்தச் சொன்னது, எல்லாம் கேட்டிச்சு. கைய தாழ்ப்பா மேல வெச்சிகிட்டே நின்னேன். தெறக்க வரல.”

அவள் நிமிரவில்லை. “தெரியும்” என்றாள். “கதவுக்குக் கீழ உன் காலு தெரிஞ்சிச்சு.”

மகேன், இருபத்தாறு வருஷமாக நான் கதவுக்குப் பின்னால் இருந்தது ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நான் அழுதேன். அவள் அழவில்லை. “கீரையில தண்ணி தெளிக்காத நீலா, கிராணி பாத்தா கொட்டிருவான்” என்றாள். யுவனேஸ்வரி முதலில் சிரித்தாள், பிறகு நான், கடைசியில் அவள். உன் பாட்டில் இருக்கிறதே, அதே சிரிப்பு. ஒரு பிசகு இல்லை. பல் மட்டும் இரண்டு குறைவு.

சாப்பிட்ட பிறகு தாளை எடுக்கச் சொன்னாள். கேட்காமல் குரலை எடுத்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டாய் என்று சொன்னேன். “அவன் என்னா செய்வான், பச்சப்புள்ள” என்றாள். அவளுக்குக் கைநாட்டுத்தான். மையில் தோய்த்து வைத்தால் வெறும் நீலத் திட்டு. ரேகையே விழவில்லை. கொழுந்து எடுத்து, மண்ணைக் கிளறித் தேய்ந்துபோன விரல். என்னுடையதும் அப்படித்தான், ஐசி அடையாள அட்டை எடுக்கப் போனபோது அந்த மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்றது. வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி நாலாவது தடவை கொஞ்சம் கோடு தெரிந்தது. அது போதுமா என்று யுவனேஸ்வரி உனக்குப் படம் அனுப்பினாள் அல்லவா. கைநாட்டுக்குச் சாட்சி வேண்டும் என்று நீ சொன்னாயாம். தாளின் கீழே சாட்சி என்று போட்டு நான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் என் பெயர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆடி வெள்ளிக்குக் காளியண்ணன் லாண்ட்ரோவரில் அவளைக் கோயிலுக்கு அழைத்து வந்தான். பூசை முடிந்ததும் பக்கிரிசாமியிடம் மைக்கைக் கேட்டு வாங்கினேன். “ஆஸ்திரேலியாவுல கேக்குற கொரலு என்னுது இல்ல, இவளுது. நான் பேசாம இருந்தது தப்பு” என்றேன். பக்கிரிசாமி, “அப்ப அந்தப் பொன்னாட, அக்கா?” என்றார். கொண்டுபோயிருந்தேன். நானே போர்த்தினேன். அவள், “குத்துதுடி” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். சித்திரையில் எனக்குத் தட்டியதைவிடப் பெரிதாகத் தட்டினார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இனி வெள்ளிதோறும் வருவாளாம். வந்த முதல் நாளே என் அடுப்பில் எதுவும் சரியில்லை என்றாள்.

பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது என்று ரூபினி சொன்னாள். இனி அது எத்தனையாம் இடத்துக்குப் போனாலும் போகட்டும், நீ நல்ல பிள்ளை. முதல் இடத்தில் இருக்கும் பிள்ளை யார்? அவனையும் விசாரித்ததாகச் சொல். பாட்டில் பெயரை மாற்றிவிட்டேன் என்று நீ சொன்னதும் யுவனேஸ்வரி அதைக் கைபேசியில் அங்கம்மாவுக்கு எழுத்து எழுத்தாகக் காட்டினாள். அங்கம்மா அந்தத் திரையைப் பாத்திரம் துடைக்கிற மாதிரி துடைத்துப் பார்த்தாள்.

ஒரு காரியம் செய். என் பர்சில் இருந்த உன் படத்தை அவள் வாங்கிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் எடுத்தது, டை கட்டிக்கொண்டு. “இந்த மூக்கு எங்க அண்ணன் மூக்கு” என்று சொல்லித் தன் மடியில் முடிந்துகொண்டாள். கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். அது அவளிடமே இருக்கட்டும். எனக்குப் புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. கைபேசியில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, தபாலில். கறுப்புக் கண்ணாடி போடாமல், கண் தெரிய.

அன்புடன் பாட்டி
நீலாவதி